ஸ்போர்ட்ஸ் காருக்குக் கைவேலை ஹிட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்டா மியாட்டா என்கிற இரண்டு பேர் உட்காரும் குட்டிக் காரின் பின்னால், அதைவிடக் குட்டியான ஒரு டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவேன். டிரெய்லரைக் காரோடு மாட்டும் ஹிட்ச் என்கிற இரும்பு அமைப்பு நானே செய்தது. இங்கே மிச்சிகனில் பெட்ரோல் போட நிறுத்தினால் யாராவது ஒருவர் வந்து குனிந்து காருக்கு அடியில் பார்க்காமல் விடுவதில்லை. நம் ஊர் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பது தனி. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். என் கணக்குகள் எல்லாம் 1990களின் மியாட்டாவையும், மொத்தம் 200 கிலோ எடையுள்ள டிரெய்லரையும் வைத்துப் போட்டவை. வேறு கார், வேறு எடை என்றால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு எதுக்குங்க ஹிட்ச்? ஒரு பிக்கப் வாங்கிட்டா முடிஞ்சதே?

ஆட்டோகிராஸ் என்று ஒரு போட்டி உண்டு. பெரிய பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமான ஓடுபாதையிலோ கூம்புகளை அடுக்கி வைப்பார்கள். ஒவ்வொரு காராக வளைந்து வளைந்து ஓட்டி நேரம் எடுப்பார்கள். சில பிரிவுகளில் ஹூசியர் மாதிரி பந்தய டயர் போடலாம். அந்த டயரைச் சாலையில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும், மழை வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆக, சாதாரண டயரில் போய் இறங்கி, அங்கே நாலையும் கழற்றி மாட்ட வேண்டும். மியாட்டாவின் டிக்கியில் நாலு டயர் ஏறாது. அதற்குத்தான் இந்த டயர் டிரெய்லர்.

பிக்கப், அதன் பின்னால் காரையே ஏற்றும் பெரிய டிரெய்லர், இரண்டையும் நிறுத்த இடம் என்று போனால் காரின் விலையைத் தாண்டிவிடும். 2009 முதல் எஸ்சிசிஏ என்கிற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் ஆட்டோகிராஸ் தேசியப் போட்டி நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் நடக்கிறது. டெட்ராய்ட்டிலிருந்து சுமார் 800 மைல். அவ்வளவு தூரத்தையும் டயர் டிரெய்லரோடு ஓட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹிட்ச்னா சரியா என்ன? எனக்குக் கொக்கி மட்டும்தான் தெரியும்.

காரின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டும் ஒரு குறுக்குக் குழாய். அதன் நடுவில் சதுர வாய். அந்த வாய்க்குள் ஒரு நாக்கைச் செருகி, குறுக்கே ஊசி போட்டுப் பூட்டுவோம். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படி. நாக்கின் முனையில் ஒரு இரும்பு உருண்டை. இங்கே அதை ‘பால்’ என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் காபிதான் ஞாபகம் வருகிறது, அதனால் குண்டு என்றே சொல்கிறேன். டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏர்க்காலின் முனையில் இருக்கும் கிண்ணம் அந்தக் குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும்.

சின்ன டிரெய்லர்களுக்குப் பொதுவாக 1⅞ அங்குலக் குண்டு. 2 அங்குலக் குண்டும் பரவலாக உண்டு. கிண்ணத்தில் என்ன அளவு பொறித்திருக்கிறதோ அதே குண்டுதான் போட வேண்டும். 2 அங்குலக் கிண்ணம் 1⅞ குண்டின் மேல் அழகாக உட்காரும், பூட்டியது போலவும் தெரியும். முதல் பெரிய மேட்டில் கழன்றுகொள்ளும்.

மேனுவல்லயே இழுக்காதேன்னு போட்டிருக்கானே. அதை மீறுறது சரியா?

பல ஸ்போர்ட்ஸ் கார்களின் கையேட்டில் அந்த வரி இருக்கிறது. எஞ்சினுக்குச் சக்தி போதாது என்பதால் எழுதியதல்ல. கிளட்ச், பிரேக், குளிர்விப்பு, பின்பக்கச் சட்டம் எதையும் இழுவைக்காகச் சோதித்து அனுமதி வாங்கவில்லை என்று அர்த்தம். மீறினால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. நான் தெரிந்தேதான் மீறுகிறேன். டிக்கியில் 50 கிலோ சாமானும் பக்கத்தில் கனமான நண்பரும் இருந்தால் காருக்கு எவ்வளவு சுமையோ, ஏறக்குறைய அந்த எல்லைக்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது என் சமாதானம். அந்த வரியைப் படித்ததும் மனசு ஒப்பவில்லையென்றால் இதைச் செய்யாதீர்கள். தப்பே இல்லை.

கடையில ரெடிமேடா கிடைக்காதா?

முதலில் அதைத்தான் தேட வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு போல்ட் போட்டு மாட்டும் ஹிட்ச் விற்பனைக்கு இருக்கிறது. கிடைத்தால் வாங்குங்கள். இரும்பு, கட்டிங் டிஸ்க், வெல்டிங் கம்பி, பெயின்ட் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கைவேலையில் பெரிய லாபம் ஒன்றும் மிஞ்சாது. கிடைக்காத காருக்கும், சைலன்சரை மாற்றிவிட்டதால் கடை ஹிட்ச் உட்காராத காருக்கும்தான் சொந்தமாகச் செய்வது.

எவ்ளோ வெயிட் இழுக்கலாம்? கிளாஸ் ஒன் ஹிட்ச் 2,000 பவுண்டு தாங்கும்னு சொல்றாங்களே?

ஹிட்ச் தாங்கும், கார் தாங்காது. கிளாஸ் ஒன் என்றால் டிரெய்லர் மொத்தம் 2,000 பவுண்டு வரை, குண்டின் மேல் அழுத்தம் 200 பவுண்டு வரை. அது ஹிட்சின் தரம் மட்டும். பழைய மியாட்டாவே ஏறக்குறைய ஒரு டன்தான். தன் எடைக்குச் சமமான ஒன்றை அது இழுத்தால் பிரேக் போடும்போது யார் யாரைத் தள்ளுவது?

என் டிரெய்லர் காலியாக 90 கிலோ. 15 அங்குலச் சக்கரமும் டயரும் ஒன்றுக்கு 17 கிலோ வீதம் நாலுக்கு 68. ஜாக்கி, கருவிப்பெட்டி, நிழலுக்கு ஒரு கூடாரம், மடக்கு நாற்காலி எல்லாம் சேர்த்து 40 சொச்சம். மொத்தம் 200 கிலோ, அதாவது 440 பவுண்டு. “இடம் இருக்கே, மெத்தையையும் போட்டுக்கலாம்” என்று வீடு மாற்றும் நண்பர் ஒருவர் கேட்டார். காற்றில் மெத்தை ஒரு பாய்மரம். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டிரெய்லரை நடுவுல பேலன்ஸா ஏத்தினா குண்டு மேல வெயிட்டே விழாதே. அதுதானே காருக்கு நல்லது?

மாட்டு வண்டி பார்த்திருந்தால் இதற்குப் பதில் தெரியும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று வண்டிக்காரர் மூட்டையை நகர்த்தி வைப்பார். டிரெய்லருக்கும் அதே நியாயம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் குண்டின் மேல் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் நாய் வாலைப் போல ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டும். இலகுவான காரில் அது சீக்கிரம் கைமீறும்.

200 கிலோவுக்கு முன்பாரம் 20 முதல் 30 கிலோ. குளியலறைத் தராசை ஒரு கட்டையின் மேல் வைத்து, ஏர்க்கால் குண்டின் உயரத்தில் இருக்கும்படி நிறுத்தி எடை பாருங்கள். இந்த 25 கிலோ பின் சக்கரத்துக்கு வெறும் 25 கிலோ இல்லை என்பதையும் கவனியுங்கள். மியாட்டாவின் இரு அச்சுகளுக்கு நடுவே 2,265 மில்லிமீட்டர். குண்டு பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்தால், நெம்புகோல் கணக்கில் பின் அச்சுக்கு 36 கிலோ கூடும், முன் அச்சில் 11 கிலோ குறையும்.

எந்த இரும்பு? எவ்ளோ தடிமன்?

குறுக்குக் குழாய்க்கு 2 அங்குலச் சதுரக் குழாய், சுவர் ⅛ அங்குலம். அடிக்கு 3 பவுண்டுதான் வரும். 3/16 சுவர் என்றால் அடிக்கு 4.3 பவுண்டு. இந்த எடைக்கு அது தேவையில்லை. தட்டுகளுக்கு ¼ அங்குல ஏ36 என்கிற சாதாரணக் கட்டுமான இரும்பு போதும். சதுர வாயை மட்டும் 1¼ அங்குல அளவில் கடையில் தயாராக வாங்கிவிடுங்கள். ஊசித் துளையோடு நேராக வரும். பழைய கட்டில் சட்டம், குழாய்க் கம்பி எல்லாம் வேண்டாம். என்ன இரும்பு என்று தெரியாததை வெல்ட் செய்து நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகக் கூடாது.

கார்ல எங்க மாட்டணும்? அடியில இருக்கிற அந்தக் கட்டுற வளையத்துலயே மாட்டிடலாமா?

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். அந்த வளையம் காரை ஏற்றி அனுப்பும்போது கயிறு போட்டு ஒரு பக்கமாக இழுத்துக் கட்டுவதற்கு. மேலும் கீழும் ஆயிரம் முறை ஆடும் சுமைக்கு அது செய்யப்படவில்லை. பிக்கப்பில் இருப்பது போன்ற கனமான அடிச்சட்டமும் மியாட்டாவில் கிடையாது. தகட்டை மடித்துப் பெட்டி போல ஒட்டியதுதான் சட்டம். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்.

கேட்கிறவர்கள் எல்லாரும் போல்ட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எம்10 அளவில் 10.9 தரப் போல்ட் ஒன்று கிட்டத்தட்ட 4,900 கிலோ இழுவையை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். நம் சுமைக்கு அது யானைப் பலம். கிழிவது தகடுதான். அதனால் டிக்கித் தரையின் மேலே உள்ளங்கையைவிடப் பெரிய தட்டு ஒன்று, அடியில் இன்னொன்று, நடுவில் தகடு சாண்ட்விச் போல. பெட்டிச் சட்டத்தின் ஊடாகப் போல்ட் போனால் உள்ளே எஃகுக் குழல் ஒன்றைச் செருக வேண்டும். இல்லையென்றால் இறுக்க இறுக்கச் சட்டம் நசுங்கும், நசுங்கிய பிறகு போல்ட்டில் இறுக்கமே இருக்காது.

அடுத்தது, போல்ட் வரிசைகளுக்கு நடுவே உள்ள தூரம். முன்பாரம் 30 கிலோ, பள்ளத்தில் இறங்கும்போது அதன் மூன்று மடங்கு என்று 90 கிலோ வைத்துக்கொள்வோம். குண்டு பின் வரிசைக்கு 30 சென்டிமீட்டர் பின்னால். முன் வரிசையும் பின் வரிசையும் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் பின் வரிசை 180 கிலோவால் கீழே இழுக்கப்படும். அதே வரிசைகளை 10 சென்டிமீட்டர் நெருக்கத்தில் போட்டால் 360 கிலோ. இரும்பு அதேதான், சுமையும் அதேதான், தகட்டுக்கு இரண்டு மடங்கு வேதனை. ஹிட்சின் கைகளைக் காரின் முன்பக்கமாக எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுங்கள்.

என் முதல் ஹிட்சில் இது எதையும் செய்யவில்லை. பக்கத்துக்கு இரண்டு போல்ட், நெருக்கமாக, வெறும் வாஷர். ஒரு பருவம் ஓடியது. குளிர்காலத்தில் அடியில் படுத்துப் பார்த்தபோது ஒரு துளையிலிருந்து முடி அளவுக்கு ஒரு விரிசல், அதன் ஓரத்தில் துருக் கண்ணீர்.

போல்ட்டே வேண்டாம், நேரா கார்லயே வெல்ட் அடிச்சிட்டா ஸ்ட்ராங்கா இருக்குமே?

இருக்காது. ¼ அங்குலத் தட்டை ஒரு மில்லிமீட்டர் தகட்டோடு வெல்ட் செய்தால், ஓரத்தில் தகடு எரிந்து மெலியும். விரிசல் அங்கேதான் பிறக்கும். அப்புறம் மியாட்டாவின் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால். அந்தப் பக்கம் தீப்பொறி பறக்கவிடுவது யோசனையே அல்ல. ஹிட்சை மேஜை மேல் வெல்ட் செய்யுங்கள், காரில் போல்ட் போட்டு மாட்டுங்கள். நாளைக்குக் காரை விற்கும்போது கழற்றவும் முடியும்.

எனக்கு வெல்டிங் அவ்வளவா வராது. பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டே செய்யலாமா?

அடுப்பு ஸ்டாண்டு செய்து கற்றுக்கொள்ளுங்கள். 110 வோல்ட் சின்ன மெஷினில் ¼ அங்குலத் தட்டை ஒட்டினால் மேலே பார்க்க மணிமணியாக இருக்கும், உள்ளே இறங்கியிருக்காது. அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது. குழாயை வெட்டி, துளை போட்டு, காருக்கு அடியில் வைத்துப் பார்த்து, நாலு இடத்தில் புள்ளி வெல்ட் மட்டும் வைத்து, மீதியைத் தொழில் தெரிந்த பட்டறைக்காரரிடம் கொடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். துத்தநாகப் பூச்சு உள்ள குழாயோ போல்ட்டோ என்றால் பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகே வெல்ட் செய்ய வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

பின்னால எவனாவது இடிச்சா ஹிட்ச் காரைக் காப்பாத்துமா, கெடுக்குமா?

பெரும்பாலும் கெடுக்கும். அமெரிக்க விதிப்படி பம்பர் 2.5 மைல் வேக இடியைத் தாங்கி நசுங்கி மீள வேண்டும். முன்பு 5 மைலாக இருந்தது, 1982இல் குறைத்தார்கள். ஹிட்ச் பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் முதல் அடி நேராகச் சட்டத்துக்குப் போகும். அதனால் சதுர வாய் பம்பர் தோலுக்கு உள்ளேயே நிற்கட்டும். டிரெய்லர் இல்லாத நாளில் நாக்கைக் கழற்றி டிக்கியில் போடுங்கள். நம்பர் பிளேட்டை மறைக்கிறது என்று போலீஸ் நிறுத்துவதும் தவிரும், உங்கள் முழங்காலும் பிழைக்கும்.

லைட்டுக்கு வயரை நேரா முறுக்கி விட்டா எரியாதா?

எரியும், தப்பாக எரியும். அமெரிக்கச் சின்ன டிரெய்லர்களில் நாலு வயர்: வெள்ளை எர்த், பழுப்பு பார்க்கிங் விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. அதில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பு. மியாட்டாவில் பிரேக் சிவப்பு, இண்டிகேட்டர் மஞ்சள், இரண்டும் தனித்தனி. இரண்டையும் ஒன்றாக்க நடுவில் கன்வர்ட்டர் என்கிற ஒரு சின்னப் பெட்டி வேண்டும். பேட்டரியிலிருந்து தனியாகக் கரன்ட் எடுக்கும் வகை நல்லது. முதல் இரண்டு தலைமுறை மியாட்டாவில் பேட்டரி டிக்கியிலேயே இருப்பதால் வேலை சுலபம். வயரை சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். விளக்கு மினுக்மினுக்கென்றால் முதலில் வெள்ளை வயரைப் பாருங்கள், பத்தில் எட்டு முறை அதுதான்.

சங்கிலி வேற எதுக்கு, அதான் பூட்டியாச்சே?

பூட்டு கழன்றால் டிரெய்லர் தனியாக எதிர்த் தடத்துக்குப் போகாமல் இருக்க. பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயமும்கூட. இரண்டு சங்கிலி, ஏர்க்காலுக்கு அடியில் பெருக்கல் குறி போல. கழன்ற ஏர்க்கால் தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். சங்கிலி மாட்டும் வளையங்களைக் குறுக்குக் குழாயில் வையுங்கள், கழற்றும் நாக்கில் வைக்காதீர்கள்.

எவ்ளோ வேகம் போகலாம்?

நான் 60 மைலைத் தாண்டுவதில்லை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டப்படியே 55தான். மலிவு டிரெய்லர்களில் 8 அங்குலச் சக்கரம் வரும். டயரோடு சேர்த்து உயரம் 16 அங்குலம், ஒரு மைலுக்கு 1,260 சுற்று. 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கும் அதே 1,260. பேரிங் சூடாகும். 12 அங்குலச் சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள். முதல் நிறுத்தத்தில் அச்சுக்குமிழைக் கையால் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் கிரீஸ் போச்சு.

ரிவர்ஸ் எடுக்க வரவே மாட்டேங்குது.

எனக்கும் வராது. குட்டி டிரெய்லர் பெரியதைவிட வேகமாக மடங்கும், ஏர்க்காலின் ஓரம் பம்பரில் முட்டும். கழற்றிக் கையால் தள்ளி வைத்துவிடுவேன். 200 கிலோவில் இது ஒரு சௌகரியம்.

செஞ்சு முடிச்சதும் நாலு பேர் ஏறிக் குதிச்சுப் பார்த்தாப் போதும்தானே?

அது ஒருமுறைச் சுமை. மேலே சொன்ன என் முதல் ஹிட்சும் அந்தச் சோதனையில் பாஸ்தான். ஐரோப்பாவில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தால் புரியும். ஐநாவின் 55ஆம் எண் ஒழுங்குவிதியில், கார் எடையையும் டிரெய்லர் எடையையும் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகுத்து, புவியீர்ப்பால் பெருக்கி ‘டி’ மதிப்பு என்று ஒன்று எடுப்பார்கள். ஆளும் சாமானும் ஏறி 1.3 டன் ஆகும் காருக்கும் 0.22 டன் டிரெய்லருக்கும் அது சுமார் 1.85 கிலோநியூட்டன். அதில் 0.6 பங்கை, அதாவது கிட்டத்தட்ட 110 கிலோ விசையை, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி 20 லட்சம் முறை கொடுப்பார்கள். 110 கிலோ ஒன்றுமே இல்லை. 20 லட்சம் முறைதான் விஷயம். பிரிட்டனில் 1998 ஆகஸ்ட் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு இப்படி ஒப்புதல் பெற்ற ஹிட்ச்தான் போட முடியும், கைவேலை செல்லாது.

வீட்டில் 20 லட்சம் முறை ஆட்ட முடியாது. அதனால் கணக்கில் தாராளமாக வைத்துவிட்டு, கண்ணால் தேட வேண்டும். முதல் 50 மைலில் எல்லாப் போல்ட்டையும், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். குண்டின் நட்டுக்கு ¾ அங்குலத் தண்டு என்றால் 160 அடி-பவுண்டு. ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள், நகர்ந்தால் தெரிந்துவிடும். ஹிட்சுக்கு வெளிர் நிறம் அடிப்பது நல்லது. விரிசலில் வடியும் துரு கறுப்பில் தெரியாது.

அதே ஹிட்சுல சைக்கிள் ரேக் மாட்டிக்கலாமா? டிரெய்லரைவிட அது லேசுதானே?

இதுதான் எல்லாரும் ஏமாறும் இடம். டிரெய்லருக்குச் சொந்தச் சக்கரம் உண்டு, காரின் மேல் 30 கிலோதான் விழும். ரேக்குக்குச் சக்கரம் இல்லை. இரண்டு சைக்கிளும் ரேக்கும் சேர்ந்து 50 கிலோ, அதுவும் குண்டைவிட இன்னும் அரை மீட்டர் பின்னால். போல்ட் வரிசைக் கணக்கில் குண்டு 30 சென்டிமீட்டர் பின்னால் என்று இருந்த இடத்தில் 80 போட்டுப் பாருங்கள். போதாததற்கு அது பக்கவாட்டிலும் முறுக்கும். மாட்டக் கூடாது.

கார்வெட், போர்ஷே 911, லோட்டஸ் எலீஸ் மாதிரி காருக்கும் இதே மாதிரிதானா?

யோசனை அதேதான், இடம்தான் மாறும். சி5 தலைமுறை கார்வெட்டுக்கு வெளித்தோல்தான் பிளாஸ்டிக் வகை, உள்ளே உருப்படியான எஃகுச் சட்டம் பின்பக்கம்வரை வருகிறது. என்னைக் கேட்டால் மியாட்டாவைவிட அது சுலபம். 911இல் பின் அச்சுக்கு அப்பால் எஞ்சினே தொங்குகிறது, சைலன்சர் சூடும் அங்கேதான், இடம் குறைவு. எலீஸின் நடு உடல் அலுமினியத்தைப் பசையால் ஒட்டியது, அதில் துளை போடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பின்னால் தனியாக ஒரு எஃகுச் சட்டம் உண்டு, செய்வதானால் அதில்தான். அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ரப்பரோ கெட்டிப் பெயின்ட்டோ நடுவில் வேண்டும். இல்லையென்றால் உப்புத் தண்ணீர் பட்டு அலுமினியம் பொடியாகும்.

இன்ஷூரன்ஸ்காரனிடம் சொல்லணுமா?

சொல்லுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கைவேலை ஹிட்சில் எவ்வளவு தாங்கும் என்ற முத்திரை இருக்காது. விபத்து நடந்தால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எடைச் சீட்டு, போல்ட் சரிபார்த்த தேதி, படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.

சென்னையில என் காருக்கு இதைச் செய்யலாமா?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

உங்களோடது மாதிரியே ஒண்ணு செஞ்சு எனக்கு வித்துடுங்களேன்?

மாட்டேன். என் காரின் தகட்டில் எங்கே துரு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்கள் காரின் தகடு தெரியாது. அளவுப் படம் கேட்டால் தருகிறேன். விரிசல் கண்ட அந்த முதல் ஹிட்சையும் சிலர் விலைக்குக் கேட்டார்கள். அது கராஜ் சுவரில் ஆணியடித்து இருக்கிறது, தோட்டத்துக் குழாயைச் சுற்றி மாட்ட வசதி.